பழைய புல்லட்டும் நெடும் பிரயாணமும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தையும் தவளக்குப்பத்தையும் கடந்து, கிருமாம்பாக்கத்தில் கிழக்கே திரும்பிச் சென்றால், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டு என்னும் மீனவ கிராமம் வங்கக் கடலின் விளிம்பில் அமைந்திருப்பதைக் காணலாம். இவ்வூரில் இரும்பாலான பொருள் எதுவும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. காற்றிலே கலந்துவரும் உப்பு, ஜன்னல் கம்பியென்றும் சைக்கிள் செயினென்றும் பேதம் பாராமல் யாவற்றையும் மெல்ல மெல்ல அரித்துவிடும். இன்று துடைத்து எண்ணெய் பூசிய ஸ்பேனரில் நாளைக் காலையில் செம்பழுப்புப் பொடி படிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு கரையில், வார்ப்பிரும்பு சிலிண்டரைக் கொண்ட, அரை நூற்றாண்டு வயதுடைய ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பரிசோதித்துப் பூட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் சோதனைப் பிரயாணத்திற்கு ஒருவர் ஆயத்தம் செய்கிறார் என்றால், அந்தக் கைத்திறன் இப்பிரதேசத்துக்கு எங்கிருந்து வந்தது, எவ்வாறு பரம்பரையாக நிலைத்தது என்பது சரித்திர ரீதியாகவே ஆராயத்தக்க விஷயமாகும்.

அந்த யந்திரம் பெரும்பாலும் புல்லட்டாகவே இருக்கும். இங்கிலாந்தில் ஊசி செய்வதற்குப் பேர்போன ரெட்டிச் என்னும் சிற்றூரில் தோன்றிய ஸ்தாபனம், என்ஃபீல்டு நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததன் வாயிலாக ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரை எய்தி, 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. புல்லட் என்ற பெயர் 1930-களின் ஆரம்பத்திலேயே அங்கு வழக்குக்கு வந்துவிட்டதாயினும், நாம் இன்று அறியும் புல்லட் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னரே உருவாயிற்று. அதன் பிறப்பிலேயே நெடும் பிரயாணத்தின் சோதனை இருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடைபெற்ற சர்வதேச ஆறுநாள் பந்தயத்தில், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புதிய புல்லட்டின் முன்மாதிரிகள் ஓடின; அவற்றில் ஏறிய சார்லி ராஜர்ஸும் விக் பிரிட்டனும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். வண்டியின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் கெட்டுவிடும் என்று அனுபவசாலிகள் பலர் கருதிய காலம் அது.

1913-ல் தொடங்கிய அந்த ஆறுநாள் பந்தயம் வேகத்தை மட்டும் அளப்பதன்று. நாள்தோறும் குறித்த நேரத்திற்குள் குறித்த ஸ்தலத்தை அடைய வேண்டும். முக்கியமான உறுப்புகளுக்கு முன்கூட்டியே அடையாளமிட்டு விடுவார்களாதலால் அவற்றை மாற்ற இயலாது. வழியில் எது பழுதானாலும் ஓட்டியவனே தன் கையால் சரிசெய்து கொள்ள வேண்டும். ஆகவே, புறப்படுமுன் செய்யும் ஆயத்தமே பந்தயத்தில் பாதி என்னும் ஞானம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

இந்த யந்திரத்தை 1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் சென்னையில் தருவித்து விற்றார்கள். எல்லைப்புறக் காவலுக்கு உகந்ததெனக் கண்டு இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கத் தொடங்கியபின், கப்பலில் இறக்குமதி செய்து கட்டுப்படியாகாது என்ற நிலை ஏற்பட, 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தை நிறுவின. சென்னைக்கு வடக்கே, தியாகராஜ சுவாமி கோயிலால் புகழ்பெற்ற திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, 1962-க்குள் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே செய்யப்படலாயின.

அதே ஆண்டுகளில் பாகூர்ப் பக்கத்து ஜனங்கள் வேறொரு மாற்றத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். பிரெஞ்சிந்தியாவின் நிலம் ஒரே பரப்பாக அமையாமல், ஒரு கிராமம் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்தது பிரிட்டிஷ்காரனுடையது என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததைப் படத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள். சுங்க விஷயத்தில் இருந்த உடன்பாடு 1949-ல் முறிந்தபின், அந்தத் துண்டுகளுக்கிடையே போகிற வருகிற வண்டிகளெல்லாம் சாவடிகளில் நின்று சோதனைக்கு உட்பட வேண்டியதாயிற்று. 1954 மார்ச் இறுதியில் பாகூருக்கு அண்டைக் கொம்யூனாகிய நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி ஏறிற்று; அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள்; நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டபூர்வமான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ல் பூர்த்தியாயிற்று. 1954-ல் நிர்வாகம் கைமாறிச் சாவடிகள் அகன்று, சென்னைக்கும் கடலூருக்கும் தடையற்ற வழி திறந்த சிறிது காலத்திலேயே திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. இவ்விரண்டுக்கும் காரண காரிய சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால், ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே யந்திரத்தைப் பழகிக்கொள்ள வேண்டுமானால் அதற்குத் திறந்த சாலை வேண்டும் என்ற அளவில், இதைக் குறிப்பிடாமல் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது; சில ஆண்டுகளில் மூலக் கம்பெனியும் மறைந்தது. தாய்வீடு அழிந்தபின்னும் திருவொற்றியூரில், ஏறக்குறைய 1955-ஆம் ஆண்டின் அமைப்பிலேயே புல்லட் தொடர்ந்து வார்க்கப்பட்டு வந்தது. டாங்கியின் இருமருங்கிலும் ஓடும் பொற்கோட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் வரையும் வேலையை ஒரே குடும்பத்தார் தலைமுறையாகச் செய்துவந்தார்கள். 1977-ல் அந்த வண்டிகளே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. இதன் பலன் என்னவென்றால், பிற தேசங்களில் 1955-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் என்பது அபிமானிகளின் கொட்டகையில் துணி போர்த்தி வைக்கும் புராதனப் பொருளாக ஆகிவிட்டபோது, நம் நாட்டில் அது பால்காரரும் போலீஸ்காரரும் நெல்வியாபாரியும் நித்தியமாக ஏறிச் செல்லும் வாகனமாகவே இருந்தது. அது இங்கே பழசாகவே இல்லை. ஆகையால் அதைப் பேணும் வித்தையும் புத்தகத்துக்குள் புகாமல், வேப்பமரத்தடிப் பட்டறைகளில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு இடையறாது வந்து சேர்ந்தது.

இதன் அருமையை உணர, அமெரிக்காவில் நடப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1914-ல் எர்வின் பேக்கர் என்பவர் இந்தியன் என்னும் பெயருடைய மோட்டார் சைக்கிளில் ஸான் டியேகோவிலிருந்து நியூயார்க் வரை, பெரும்பகுதி பாதையே இல்லாத நிலத்தின் வழியாக, பதினோரு நாளும் சில மணியுமாகக் கடந்து, கேனன்பால் என்னும் பட்டப் பெயரைப் பெற்றார். அவர் நினைவாக 2010-ல் ஒரு சோதனைப் பிரயாணம் ஏற்படுத்தி, 1916-க்கு முற்பட்ட வண்டிகளை மட்டும் அனுமதித்து, கிட்டி ஹாக் கடற்கரையிலிருந்து சாண்டா மோனிகா வரை கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டினார்கள். அதில் சேர்ந்தவர்கள் பிஸ்டனையும் பல்சக்கரத்தையும் தாமே புதிதாகக் கடைந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வண்டிகளைத் தினந்தோறும் ஓட்டிப் பழகிய தலைமுறை என்றோ மறைந்துவிட்டபடியால், பழைய கையேடுகளையும் விளம்பரத் தாள்களையும் பார்த்தே கற்க நேர்ந்தது. அவர்களுடைய பிரயாசையைப் போற்றுகிறேன். ஆனால் பாகூரிலோ கிருமாம்பாக்கத்திலோ ஒரு பழைய மெக்கானிக்கிடம் சென்று, “அண்ணே, இந்த வண்டி இமயமலை வரைக்கும் போகணும்” என்று சொன்னால், அவர் புத்தகத்தைத் தேடப் போவதில்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, காதை இஞ்சின் பக்கம் வைத்து, கிக்கரை மெல்ல மிதித்துப் பார்ப்பார்.

அந்த மிதித்தலே ஒரு சாஸ்திரம். புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலுள்ள வார்ப்பில், வேகமானியின் அருகே, ஒரு சிறு ஆம்பியர் மீட்டர் பதித்திருக்கும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரைப் பைய அழுத்தினால், பாயிண்ட் என்னும் தீப்பொறித் தொடர்பு மூடியிருக்கும்போது முள் இடப்புறம் சாயும். பாயிண்ட் திறந்த கணத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சிக்கு வந்து கால் தடைபட்ட இடத்தில் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஸர் நெம்பை இழுத்துப் பிடித்து, முள் நடுவில் நிற்கும் அளவுக்குச் சற்றே கடத்தி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டுப் பிறகு ஒரே வீச்சாக உதைக்க வேண்டும். “முள்ளு நடுவுல நிக்குதா பாருடா” என்று பட்டறையில் பையனுக்கு முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான். முள்ளைப் பாராமல் பலத்தை மட்டும் நம்பி உதைத்தவர்களுடைய கணுக்காலை அந்தக் கிக்கர் திருப்பி அடித்த சம்பவங்களை எந்த ஊரிலும் கேட்கலாம்.

நெடும் பிரயாணத்துக்கான ஆயத்தத்தில் முதன்மையானது எண்ணெயே. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் கனெக்டிங் ராடின் அடிப்பாகம் குண்டு பேரிங்கில் சுழல்வதில்லை. உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசிய ஒரு மிதக்கும் புஷ்ஷில் சுழல்கிறது. இடைவிடாமல் எண்ணெய் கிடைத்தால் அந்தப் புஷ் எத்தனையோ ஆண்டுகள் உழைக்கும். சில நிமிஷங்கள் கிடைக்காவிட்டால் உலோகம் உருகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டாங்கியோ தனியாக இல்லாமல் இஞ்சின் வார்ப்புக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வண்டி வெகுநாள் நின்றிருந்தால் அதிலிருந்து எண்ணெய் மெல்ல இறங்கி கிராங்க் அறைக்குள் தேங்கிவிடும். இதை அறியாதவர் எண்ணெய் குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றுவார். அறிந்தவர் முதலில் அடி பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டே அளவு பார்ப்பார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, மேலே ராக்கருக்குச் செல்லும் குழாயின் போல்ட்டை ஒரு நூலளவு தளர்த்துவார். அங்கே எண்ணெய் கசிந்து வருமானால் பம்பு வேலை செய்கிறதென்று அர்த்தம். வராவிட்டால் அன்றே வலப்புற மூடி திறக்கப்படும், எத்தனை அவசரமானாலும் வண்டி புறப்படாது.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். ஆனால் பிரயாணத்துக்கு முந்திய வாரத்தில் ரீபோர் செய்வதைப் போன்ற பிழை வேறில்லை என்பது எந்தப் பழைய மெக்கானிக்கும் ஒருமுகமாகச் சொல்லும் விதி. புதுப் பிஸ்டன் சிலிண்டரோடு இணங்க, முதல் சில நூறு கிலோமீட்டர் தூரம் வண்டியை அடக்கியே ஓட்ட வேண்டும்; பாகூர் ஏரிக்கரை, கன்னியக்கோயில், கடலூர் என்று அக்கம்பக்கத்து வேலைகளுக்கே அதை எடுத்துச் சென்று, இடையிடையே நிறுத்திச் சூடாறவிட்டு, முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துவிட்டு, அதில் மின்னும் உலோகத் துகளைச் சூரிய வெளிச்சத்தில் பார்த்துக் கணிக்க வேண்டும். மாதங்களுக்கு முன்பே தொடங்கும் இந்த நிதானம்தான் ஆயத்தத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

டாப்பெட் சரிசெய்வதும் இவ்வண்டியில் தனிப் பழக்கம். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் வலப்புறச் சிறு மூடியைத் திறந்து, புஷ்ராடை இரு விரல்களால் திருகிப் பார்த்து, அது தடையின்றிச் சுழலவும் வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது என்ற நிலையில் நட்டை இறுக்குவார்கள். அளவுத் தகட்டுக்கு அங்கே வேலையில்லை, விரலே அளவுகோல். பாயிண்ட்டுக்கு மட்டும் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைத்துவிட்டு, அது திறக்கும் தருணத்தை அறிய சிகரெட் தாள் ஒன்றை இடுக்கில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே இஞ்சினைத் திருப்புவார்கள். தாள் விடுபடும் அந்தக் கணமே தீப்பொறி தோன்றும் கணம். அப்போது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே நிற்கிறதென்று பிளக் துவாரத்தின் வழியே கம்பி விட்டு அளந்து டைமிங்கை நிர்ணயிப்பார்கள்.

பனித்திட்டைப் போன்ற கடற்கரை ஊர்களில் இத்துடன் மின்சார வேலை இரட்டிப்பாகிறது. ஒயரின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, பார்வைக்கு இறுக்கமாய் இருக்கும் இணைப்பு உள்ளே செத்துப் போயிருக்கும். பேட்டரியிலிருந்து சாவிக்கும், சாவியிலிருந்து காயிலுக்கும், காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கும் செல்லும் ஒயரை முழுதுமாக மாற்றி, முனைகளைச் சுரண்டி, கிரீஸ் பூசி மூடுவதே உசிதம். சக்கரங்களின் கம்பிகளும் அப்படியே: நிப்பிளுக்குள் துரு புகுந்திருப்பதை வெளியிலிருந்து காண இயலாதாகையால், சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வருவார்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் துருவேறியதும் ஊமையாய் ஒலிக்கும். இந்த ஒலிப் பரீட்சையில் தேர்ந்தவர் ஒருவர், பேசிக்கொண்டே தட்டிவந்து, சட்டென்று பேச்சை நிறுத்தி ஒரு கம்பியில் சாக்பீஸால் கோடிட்டுவிட்டு மேலே தொடர்வதைப் பார்ப்பது, சங்கீத வித்துவானின் சுருதி ஞானத்தைப் பார்ப்பதற்கு ஒப்பான அனுபவம்.

வழித்துணைப் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்த யுக்தி ஒன்றுண்டு. கிளட்ச் கேபிள் அறுந்தால் எடுத்து மாட்டுவதற்காக வேறொன்றைப் பெட்டியில் வைத்துச் செல்வது எல்லோரும் செய்வது. அனுபவசாலிகளோ புதிய கேபிளைப் பழையதன் அருகிலேயே அதே வழியாக ஓடவிட்டு, இரு முனைகளையும் மட்டும் கட்டாமல் விட்டிருப்பார்கள். இருட்டிலோ மழையிலோ கேபிள் அறுந்தால், டாங்கியைக் கழற்றாமல் ஐந்தே நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு போகலாம். ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், இரண்டு பிளக், செயின் லிங்க், டியூப், டயர் நெம்பு, கட்டுக்கம்பி என்பவை பெட்டியில் இருந்தால் போதும்.

சென்னையில் வேறொரு மரபும் வளர்ந்தது. உலக யுத்த காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் வரும்வரை அது தென்னாட்டின் பெரும் திருவிழாவாகத் திகழ்ந்தது. அங்கே வேகமே பிரதானமாதலால் கம்ப்ரஷனை உயர்த்துவதும் எடையைச் செதுக்கிக் குறைப்பதும் பெருமையாகக் கருதப்பட்டன. சோழவரத்துக்குத் தயாரித்த இஞ்சினை நெடும் பிரயாணத்துக்கு எடுத்துச் செல்ல எந்த விவேகியும் துணியமாட்டான். இரண்டும் வெவ்வேறு வித்தைகள். பின்னதற்குப் பரிசும் கைதட்டலும் குறைவு என்பதாலேயே அதைப் பற்றி எழுதியவர்களும் குறைந்தார்கள்.

1997-ல் நாற்பது பேர் திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டு லடாக்கிலுள்ள கர்துங் கணவாய் வரை புல்லட்டிலேயே சென்றார்கள். பிற்காலத்தில் ஆண்டுதோறும் நடக்கலான இமயப் பிரயாணங்களுக்கு அதுவே முன்னோடி. கடல்மட்டத்திலிருந்து புறப்படும் வண்டி 5,300 மீட்டருக்கு மேல் ஏறும்போது, அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நம் கரையில் சரியாக இருந்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை மிகையாக ஊற்றும். இஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். ஆகவே சிறிய ஜெட் ஒன்றை உடன்கொண்டு சென்று வழியில் மாற்றுவதும், ஊசியின் கிளிப்பை ஒரு படி ஏற்றி ஊசியைத் தாழ்த்துவதும் ஆயத்தத்தில் சேர்ந்தன. மலையையே காணாத கடலோர மெக்கானிக்குகள், திரும்பி வந்தவர்களின் பிளக்குகளைக் கழற்றி அவற்றின் நிறத்தைப் பார்த்தே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றளவும் வியப்பளிக்கிறது.

வார்ப்பிரும்பு இஞ்சின் 2010-ஐ ஒட்டி உற்பத்தியிலிருந்து விலகியது. இஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாய் வார்த்த புது அமைப்பில் முள்ளைப் பார்த்து உதைப்பதற்கும் சிகரெட் தாளுக்கும் இடமில்லை. பட்டறைக்கு வரும் பையன்களும் அதையே முதலில் கற்கிறார்கள். பழைய இஞ்சினுக்கு உறுப்பு தேடுகிறவர்கள் இன்னமும் சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான் ரயிலேறுகிறார்கள். அங்கே கிடைக்கும் புதுப் புஷ்ஷுகள் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லையாதலால், பழைய வண்டியிலிருந்து கழற்றிய, கொஞ்சம் தேய்ந்த, ஆனால் திருவொற்றியூர் முத்திரையுள்ள புஷ் அகப்பட்டால் அதையே அதிக விலை கொடுத்து வாங்கி வந்து, காகிதத்தில் எண்ணெய் நனைத்துச் சுற்றி, உப்புக் காற்று புகாத டப்பாவில் அடைத்து, அடுத்த பிரயாணம் கேட்டு வருகிறவருக்காக வைத்திருக்கிறார்கள்.